கண்ணாடிப் பெட்டியில் கன்னியப்பன்

காமிராவைக் கண்டால் ஓடி ஒளிகிற ஊரில்கூடப் படம் எடுத்துவிடலாம். காமிராவைக் கண்டதும் தலையை வாரிக்கொண்டு வரிசையில் வந்து நிற்கிற ஊரில் என்னதான் செய்வது? விழுப்புரத்தில் இறங்கியதும் பிடித்துக்கொண்ட இந்தக் கேள்வி, திண்டிவனத்தை விட்டுக் கிளம்பும்வரை என்னை விடவில்லை.

பினாங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். விழுப்புரத்தில் அத்தை மகள் கல்யாணம் என்று லீவு போட்டுக்கொண்டு இந்தியாவுக்குக் கிளம்பினேன். செய்தி தெரிந்ததும், அங்கே தமிழ்ப் பத்திரிகை நடத்தும் நண்பர் வீடு தேடி வந்துவிட்டார். "பொங்கல் மலருக்குப் படம் வேண்டும். கோபுரமும் தேரும் வேண்டாம். அதெல்லாம் காலண்டரிலேயே இருக்கிறது. தெருவில் போகிற மனிதன் எப்படிப் போகிறானோ அப்படியே வேண்டும். நீர் படம் எடுப்பது அவனுக்குத் தெரியவே கூடாது" என்றார்.

எனக்கு அந்தப் பைத்தியம் ஏற்கெனவே உண்டு. பினாங்கில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் காமிராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவேன். மீன் பேரம் பேசும் சீனக் கிழவியின் உதடு ஒரு பக்கமாகக் கோணும். ரிக்‌ஷாக்காரன் நீளமாகக் கொட்டாவி விட்டு முடித்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வரும். ஒரு நொடிதான் இருக்கும். அப்புறம் அந்த முகம் உலகத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது. அதைப் பிடித்துப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவதில் மாங்காய் திருடுகிற சந்தோஷம் இருக்கிறது.

அந்தச் சந்தோஷம் விழுப்புரத்தில் எனக்கு வாய்க்கவில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் கடைத்தெருவுக்குப் போனேன். மரத்தடியில் நாவிதர் ஒருவர் சவரம் செய்துகொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, மறு கன்னத்தில் பளபளப்பு. இதைவிட வேறென்ன வேண்டும் என்று காமிராவைத் திறந்தேன். உடனே நாவிதர் கத்தியை மடித்தார். மற்றவர் நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கொஞ்சம் இருங்க சார். ஊட்டுக்குப் போயி சொக்கா போட்டுக்கினு வந்துடறேன்" என்று பாதிச் சவரத்தோடு ஓடினார். அவர் வருகிறவரை நாவிதர் என்னை நகர விடவில்லை. போனவர் சட்டையை மாட்டிக்கொண்டு, தம்பியையும் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆளுக்குக் கையில் ஒரு நாற்காலி. மூவரும் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு, தூக்குத் தண்டனைத் தீர்ப்பைக் கேட்கிறவர்கள் மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

ரயில் நிலையத்துக்குப் போனேன். தலையில் டிரங்குப் பெட்டியோடு விரைந்துகொண்டிருந்த போர்ட்டர் என்னைக் கண்டதும் சடக்கென்று நின்றார். "நடங்கள், நடங்கள்" என்று கையைக் காட்டினேன். "நீங்க புடிச்சி முடிங்க, அப்பால நடக்கறேன்" என்றார். பெட்டிக்குச் சொந்தக்காரர் ரயில் போய்விடும் என்று பின்னாலிருந்து கத்தினார். போர்ட்டர் அவரையும் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார். அவரும் கத்துவதை நிறுத்திவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

ஊருக்குள்தான் இப்படி, வயல்வெளியில் இருக்காது என்று மறுநாள் கோலியனூர்ப் பக்கம் போனேன். பெண்கள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் குனிந்த தலை, கை நிறைய மண். நான் வரப்பில் உட்கார்ந்து இருமினதுதான் பிழை. நிலத்துக்காரர் பார்த்துவிட்டார். அடுத்த நிமிஷம் வீட்டிலிருந்து நாற்காலி வந்தது. நாற்காலிக்குப் பின்னால் ஒரு முக்காலி, முக்காலிக்குப் பின்னால் காகிதப் பூச்சாடி. எல்லாவற்றையும் மல்லாட்டைக் கொல்லைக்கு நடுவில் வைத்துவிட்டு அவர் உட்கார்ந்துகொண்டார்.

"அவர்கள் வேலை செய்வதைத்தான் எடுக்க வந்தேன்" என்றேன்.

"இதுங்களையா? இதுங்கள எடுத்து இன்னா பண்ணப்போறீங்க?" என்று சிரித்தார். பெண்களைப் பார்த்து, "ஏய், அப்பால போங்கடி, மறைச்சிக்கினு நிக்காதீங்க" என்று விரட்டினார்.

படம் எடுத்ததுபோல் பாவனை செய்துவிட்டுத் திரும்பினேன். சுட்ட மல்லாட்டையும் வெல்லமும் கொடுத்தார். அது மட்டும் பினாங்கில் கிடைக்காத ருசி. சாப்பிட்டுக்கொண்டே அவரை மனத்துக்குள் திட்டினேன்.

அதற்கு மறுநாள் காலையில்தான் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஜங்ஷனுக்கு எதிரே ஓர் ஓட்டல். மேஜைமேல் பையை வைத்து, பைக்குள் காமிராவை வைத்து, கண்ணாடி மட்டும் வெளியே தெரியும்படி விட்டுவிட்டு, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தோசை சாப்பிட்டேன். எதிர் பெஞ்சில், அவனும் தோசையோடு, ஓர் இளைஞன். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கால்மேல் கால் போட்டு, ஒரு முழங்கையை மேஜைமேல் ஊன்றி, அந்த ஓட்டலையே விலைக்கு வாங்கினவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். காப்பி கொண்டுவந்த சர்வர் குனிந்து ஏதோ கேட்டார். அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பு! பைக்குள் விரலை விட்டு அழுத்திவிட்டேன்.

'டிக்' என்ற சத்தம் அவனுக்குக் கேட்டுவிட்டது. பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. தோசையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தான். வந்துவிட்டது வம்பு, இவனும் நாற்காலி கேட்பான் என்று நான் காசைக் கொடுத்துவிட்டுப் பின்வழியாகப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

திண்டிவனம் பஸ்ஸைப் பற்றி எழுதாமல் இருப்பதே அதற்குச் செய்கிற மரியாதை. பினாங்கில் டிராம் நின்றால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே பஸ் நின்றால் எல்லோரும் வேப்பங்குச்சி ஒடிக்கிறார்கள். பாதி வழியில் இன்ஜினிலிருந்து புகை வந்ததும், பிரயாணிகள் இதற்காகவே டிக்கெட் வாங்கியதுபோல் இறங்கி மரநிழலுக்குப் போய்விட்டார்கள். டிரைவர் தண்ணீருக்கு ஏரியைத் தேடிப் போனார். என்ன அவசரம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பஸ் கூரைமேல் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒருவன் இறங்கினான். இடுப்பில் துண்டு, மேலுக்கு ஒன்றுமில்லை. கொஞ்ச தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றான். உற்றுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, ஓட்டலில் பார்த்த அதே ஆள். சட்டை எங்கே போயிற்று, கால்மேல் கால் எங்கே போயிற்று?

"சாமீ, அந்தப் படங்க..." என்று ஆரம்பித்தான்.

"படத்துக்குப் பிரதி எல்லாம் கிடையாது அப்பா. எல்லோருக்கும் கொடுக்க என்னிடம் அச்சாபீஸா இருக்கிறது?"

"அதில்லீங்க சாமீ..."

அதற்குள் வேறு யாரோ பஸ் பக்கம் வந்தார்கள். அவன் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கிடைத்த ஒரே நல்ல படத்துக்கும் பின்னாலேயே ஓர் ஆள் வருகிறான் பார் என்று நினைத்தேன்.

இந்த ஊர் வெயிலில் படச்சுருள் கெட்டுப்போகும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். அதனால் திண்டிவனத்தில் இறங்கியதும் நேரே ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனேன். முதலாளி கோவிந்தராஜு நல்ல மனிதர். கொஞ்சம் அதிகமாகவே நல்ல மனிதர். உள்ளே ஒரு கோட்டும் முள் அசையாத கைக்கடிகாரமும் மாட்டியிருந்தன. திண்டிவனத்து மாப்பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கோட்டிலும் அந்தக் கடிகாரத்திலும்தான் படமாகியிருக்கிறார்கள். வாசலில் தெருவைப் பார்த்து ஒரு கண்ணாடிப் பெட்டி. தாம் எடுத்ததோ பிறருக்குக் கழுவிக் கொடுத்ததோ, நன்றாக வந்ததை அதில் மாட்டிவைப்பார். யாரையும் கேட்கிற வழக்கம் கிடையாது. மாட்டினால் சந்தோஷப்படாதவர்கள் உண்டா என்பது அவர் கட்சி. சுருளைக் கொடுத்து, கழுவி வைக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் மாட்டு வண்டி பிடித்துப் பெருமுக்கல் மலைக்குப் போனேன்.

மலை ஏறினேன், இறங்கினேன். உச்சியில் கோயில் இருக்கிறது, காற்று இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. அடிவாரத்தில் ஒரு பண்ணைக்காரர் என் காமிராவைக் கண்டு கூப்பிட்டு உட்காரவைத்தார். கேப்பைக் கூழில் மோர் விட்டு, வெங்காயம் கடித்துக்கொள்ளக் கொடுத்தார். இரண்டு செம்பு குடித்தேன். கழுத்தில் துண்டும், கைக்கு எட்டும் தூரத்தில் வெற்றிலைப் பெட்டியுமாக அவர் சந்தோஷமான மனிதர். திண்டிவனம் சந்தைக்குப் போனால் ஸ்டூடியோ வாசலில் நின்று கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற படமெல்லாம் பார்க்காமல் திரும்பமாட்டாராம். "நாளைக்கும் சந்தை. வர்றேன், அங்க பாப்போம்" என்றார்.

பேசிக்கொண்டே, "டேய் கன்னியப்பா!" என்று குரல் கொடுத்தார். மாட்டுக் கொட்டகையிலிருந்து ஓடிவந்தவன் என் ஓட்டல் ஆள். என்னைக் கண்டதும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"நம்ம பண்ணையாளு. இவங்க அப்பன் காலத்துலேருந்து நம்ம ஊட்லதான். கெணத்து இன்ஜினு சாமானை விழுப்புரத்துல ரிப்பேருக்குக் குடுத்துட்டு வர்றதுன்னாலும் இவன்தான். இருக்க வேண்டிய எடத்துல இருப்பான்" என்றார் பண்ணைக்காரர். பிறகு அவனிடம், "சாருக்கு வண்டி வரைக்கும் வழி காட்டிட்டு வாடா" என்றார்.

ஊர்த்தெரு தாண்டும்வரை கன்னியப்பன் எனக்குப் பத்தடி பின்னாலேயே வந்தான். பனந்தோப்பு வந்ததும் முன்னால் ஓடிவந்து, காலில் விழப் போனவனைத் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"சாமீ, அந்தப் படத்த கிழிச்சிப் போட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"ஏன் அப்பா? நன்றாகத்தானே இருந்தாய்!"

"நான் சேரிக்காரனுங்க. ஓட்டலுக்குள்ள போயி பெஞ்சில உக்காந்து துன்னேன்னு தெரிஞ்சா அவ்ளோதாங்க. எங்க சித்தப்பன் சொக்கா போட்டுக்கினு ஊர்த்தெருவுல நடந்துட்டாருன்னு புளியமரத்துல கட்டிவெச்சி அடிச்சாங்க. குடிசையப் பிரிச்சிப் போட்டுத் தொரத்திட்டாங்க. எம் பொண்டாட்டி நெறமாசமா கீறா சாமீ. அவள இட்டுக்கினு நான் எங்க போவேன்?"



"அப்புறம் எதற்கு உள்ளே போனாய்?" என்று கேட்டேன். அவன்மேல் கோபம்கூட வந்தது.

"விழுப்புரத்துல என்ன யாருக்குங்க தெரியும்? மச்சான் மெட்ராசுலேருந்து ஒரு சொக்கா குடுத்துச்சி. ஒரே ஒரு தபா உள்ள உக்காந்து பாக்கணும்னு தோணிச்சி." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "அந்த சர்வரு என்னப் பாத்து, 'சாருக்கு இன்னும் இன்னா வேணும்'னு கேட்டாரு. சார்னாரு சாமீ. சிரிப்பு வந்துடுச்சி."

அந்தச் சிரிப்பைத்தான் நான் பிடித்து வைத்திருந்தேன். இந்த ஊரில் நான் கண்ட ஒரே இயல்பான முகம் என்று நினைத்திருந்தேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் போட்ட வேஷம் அது. பினாங்கில் நாங்கள் ஒன்றும் மகாத்மாக்கள் அல்ல. கல்யாணம் என்று வந்தால் எங்களுக்கும் ஜாதி எல்லாம் ஞாபகம் வந்துவிடும். ஆனால் காப்பிக்கடை மேஜையில் எதிரே உட்காருகிறவன் யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் இவனையும் கேட்கத் தோன்றவில்லை. "படம் ஸ்டூடியோக்காரரிடம் பத்திரமாக இருக்கிறது, போனதும் வாங்கிக் கிழித்துவிடுகிறேன்" என்று சத்தியம் செய்துவிட்டு வண்டி ஏறினேன்.

வண்டி மாடு நின்று நிதானித்துத் திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஸ்டூடியோ பூட்டிக் கிடந்தது. வாசல் கண்ணாடிப் பெட்டியில், மாப்பிள்ளைகளை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நடுவில் முழுசாகப் பெரிதுபண்ணிய கன்னியப்பன், கால்மேல் கால் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். பெட்டிக்கும் ஒரு பூட்டு.

பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டேன். "அவரு மாமியார் ஊட்டுக்கு கண்டாச்சிபுரம் போயிருக்காரு. நாளைக்கு வந்துடுவாரு. படம் பிரமாதங்க! கோவிந்தராஜு எல்லார்க்கும் காட்டிட்டுத்தான் போனாரு" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

விடிந்ததும் போய் அந்தக் கண்ணாடிப் பெட்டியின்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். வேறு வழி தெரியவில்லை. சந்தைக் கூட்டம் வர ஆரம்பித்தது. சும்மா இருந்திருந்தால் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிருப்பார்கள். கோட்டுப் போட்ட ஒருவன் வெயிலில் கண்ணாடிப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றால் யார்தான் போவார்கள்? முதலில் ஒரு கத்தரிக்காய்க்காரி நின்றாள். அப்புறம் கூடைகளும் கோழிகளுமாகப் பெரிய கும்பல்.

"இன்னாங்க, உடம்புக்கு முடியலியா?"

"உள்ள ஏதோ வெச்சிக்கினு மறைக்கறாருப்பா!"

"பொம்பள படமா இருக்கும்" என்றார் ஒரு பெரியவர். அதன் பிறகு கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது. கோட்டைக் கழற்றிக் கண்ணாடியின்மேல் போட்டேன், அது வழுக்கி விழுந்தது. யாரும் இங்கே நிற்காதீர்கள் என்று கெஞ்சினேன், அதட்டினேன். தமுக்கடித்துக் கூப்பிட்டிருந்தால்கூட இத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள். என் முட்டாள்தனத்தை நினைத்து எனக்கே அழுகை வந்தது.

"அட, நம்ம பினாங்கு சார்! இன்னாத்த மறைச்சிக்கினு நிக்கறீங்க?" என்று பண்ணைக்காரரின் குரல் கேட்டது. கூட்டம் அவருக்கு வழிவிட்டது. அவருக்குப் பின்னால், தலையில் ஒரு மூட்டையும் கக்கத்தில் அவர் குடையுமாகக் கன்னியப்பன்.

"ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, குழந்தையை நகர்த்துவதுபோல் நகர்த்திவிட்டார்.

கன்னியப்பனை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தலையில் இருந்த மூட்டை லேசாக ஆடுவது மட்டும் தெரிந்தது.

பண்ணைக்காரர் கண்ணாடிக்குக் கிட்டே போனார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். படத்தில் இருந்த முகத்துக்கும் அவருக்கும் ஒரு சாண்கூட இல்லை.

"யாரு சார் இது? மெட்ராஸ்காரரா?" என்றார். "ராஜா மாதிரி உக்காந்துக்கினு இருக்காரே. நல்ல களையான மொகம்."

 "ஆமாம்" என்று தலையை ஆட்டினேன்.

"டேய் கன்னியப்பா, பாருடா. படம்னா இப்டி இருக்கணும். என்னையும்தான் எடுத்தான் இந்தக் கோவிந்தராஜு, கல்லுப் புள்ளையார் மாதிரி."

"ஆமாங்க எஜமான்" என்றான் கன்னியப்பன்.

"சரி, ஜல்தியா வா. மாட்டு சந்தைல வெல முடிஞ்சிடப் போவுது." பண்ணைக்காரர் என்னிடம் சொல்லிக்கொண்டு நடந்தார். பொம்பளை படம் இல்லை என்று தெரிந்ததும் கூட்டமும் கலைந்துவிட்டது. அங்கே இருந்த ஒருவர்கூட, கண்ணாடிக்கு உள்ளே இருப்பவனையும் வெளியே மூட்டையோடு நிற்பவனையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டிருந்தது. "தப்பித்தாய் அப்பா!" என்று அவன் கையைப் பிடித்தேன். "கோவிந்தராஜு வந்ததும் இதைக் கிழித்துவிடுகிறேன். இனிமேல் பயமே வேண்டாம்."

அவன் நான் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷப்படுவான் என்று பார்த்தேன். 

"தெனம் அவரு மூஞ்சிலதாங்க முழிக்கறேன்" என்றான். "அவருக்கு எம் மூஞ்சி தெரியலீங்களே."

 "கிழித்துவிடட்டுமா?" என்று மறுபடியும் கேட்டேன்.

"வேணாங்க. உங்க ஊரு பேப்பர்ல போட்டுக்குங்க. எவன் கண்டுபுடிக்கப் போறான்?"

தூரத்தில் பண்ணைக்காரர் திரும்பி நின்று ஒரு சத்தம் போட்டார். கன்னியப்பன் மூட்டையைத் தலையில் சரிசெய்துகொண்டு, குடை நழுவாமல் இடுக்கிக்கொண்டு, அவர் பின்னால் ஓடினான்.